அரியலூருக்குப் பாய் மீட்கப் போனோம்

யுத்த காலம். பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. பெரம்பலூரில் கரி பஸ் கிளம்புவதற்கு முன்பே புகையால் எங்களை ஒரு வழி பண்ணிவிட்டது. பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் பின்னால் அடுப்பு மாட்டிக் கரியில் ஓட்டினார்கள். அரியலூர் சுமார் இருபது மைல். போய்ச் சேர மூன்று மணி நேரம் என்றார்கள், நான் நம்பவில்லை.

நாங்கள் பதினோரு பேர் கிரிக்கெட் ஆடப் போகிறோம் என்று ஊரில் பேச்சு. உண்மையில் பாயை மீட்கப் போனோம். எங்கள் பக்கத்தில் தென்னைநார்ப் பாயை விரித்து ஆணியடித்து, அதன்மேல்தான் பந்து போடுவார்கள். வெறும் தரையில் ஆடினால் பல் மிஞ்சாது. வருஷா வருஷம் அரியலூரில் நடக்கும் இந்த ஆட்டத்துக்குப் பாய் கொண்டுபோவது எங்கள் பொறுப்பு. தோற்றால் அதை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும். அடுத்த வருஷம் ஜெயித்தால் திரும்பக் கிடைக்கும்; மறுபடியும் தோற்றால் அது அவர்களுக்கே சொந்தம். யுத்தத்தில் புதுப் பாய்க்கு எங்கே போவது? போன வருஷம் தோற்றுவிட்டு வந்தோம். அதன் பிறகு குரும்பலூர்க்காரர்கள் ஆட வருகிறோம் என்றபோதுகூட வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த வெட்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பேரளி தாண்டி மருதையாற்று மணலில் இறங்கிய பஸ், நடு ஆற்றில் நின்றுவிட்டது. போன வருஷமும் இதே இடம்தான். அப்போது டிரைவர் மாணிக்கத்தின் பேச்சைக் கேட்டு, பாயைச் சக்கரத்துக்கு அடியில் விரித்து ஏறிவிட்டோம். எங்களைத் தவிர வேறு யாரும் அந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டார்கள். ஆற்று மணலில் நனைந்த பாய் ஈரமாக இருந்தவரை ஒழுங்காகக் கிடந்தது. அதில் அரியலூர்க்காரர்கள் ஆடி முடித்தார்கள். மதிய வெயிலில் காய்ந்ததும், சக்கரம் நசுக்கிய இடம் புடைத்துக்கொண்டது. அப்போதுதான் எங்கள் முறை வந்தது. பந்து எகிற எகிற ஒருவர் பின் ஒருவராகக் கேட்ச் கொடுத்துத் திரும்பினோம்.

“என்ன சார், இந்த வருசம் பாய் இல்லியா?” என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டார் மாணிக்கம்.

“அத எடுக்கத்தான்யா போறோம். நீ வண்டியக் கெளப்பு, நாங்க தள்ளுறோம்” என்றான் எங்கள் காப்டன் கோவிந்தராசு.

தள்ளினோம். எங்களில் இரண்டு பேருக்குத்தான் கால்சட்டை. மற்ற ஒன்பது பேரும் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு தள்ளினோம்.

ஒன்பதரை மணிக்கு அரியலூர். மைதானம் ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. என் தகப்பனார் சிறுவனாக இருந்தபோதே அங்கே ஆட்டம் நடந்ததாம். கரை நெடுகக் கூட்டம். சுண்டல், நீர்மோர் வியாபாரம். விக்கெட் விழுந்தால் ஒருவர் தவில் அடிக்கிறார். சுண்ணாம்புக்கல் பூமியாதலால் ஓடுகிறவன் பின்னால் வெள்ளைப் புழுதி எழுகிறது. நடுவில் எங்கள் பாய், அதே சிவப்பு ஓரத்தோடு விரிந்து கிடந்தது. போனதும் குனிந்து அந்த ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன், சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

அரியலூர் முதலில் ஆடி எண்பத்தேழு ரன் எடுத்தது. எங்கள் பக்கம் ஒன்பது விக்கெட் போனபோது இன்னும் ஆறு ரன் வேண்டும். கடைசி ஆள் நான். பேட்டைப் பிடிக்கத் தெரியும்; அதற்கு மேல் என்னிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. எதிர்முனையில் கோவிந்தராசு நின்றான்.

“மாப்ளே, அடிக்கவே வேணாம். நின்னாப் போதும். அந்தப் பொடப்புல வுழுற பந்த மட்டும் தொடாத, வுட்டுடு.”

“பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க! சீக்கிரம் அவுட்டாயிட்டுக் கெளம்புங்க!” என்று கரையிலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் கால் இன்னும் ஊன்றிக்கொண்டது. புடைப்பிலிருந்து எகிறிய பந்துகள் இரண்டு முறை விலாவில் விழுந்தன. பேட்டை நீட்டவில்லை. கோவிந்தராசு ஒன்றும் இரண்டுமாக ஐந்து ரன் எடுத்துவிட்டான். பிறகு ஒரு பந்து என் பேட்டின் ஓரத்தில் பட்டு, கீப்பரைத் தாண்டி ஓடியது. நானும் ஓடினேன். தவில் அடிக்கவில்லை.

அவர்கள் காப்டன் சாமிதுரை பாயைத் தட்டிச் சுருட்டி, தானே சுமந்துவந்து பஸ்ஸில் ஏற்றினார். “நல்லா வச்சிருந்தோம்ங்க. அடுத்த வருசம் கொண்டாங்க, திரும்பவும் நாங்களே வச்சுக்கிறோம்” என்றார். இப்படியும் மனிதர்கள்!

பொழுது சாயும் நேரத்தில் மருதையாறு. அதே மணல், அதே இடம். தள்ளிப் பார்த்தோம், சக்கரம் இன்னும் ஆழமாகப் புதைந்தது.

“அந்தப் பாய விரிச்சா அஞ்சு நிமிசத்துல ஏறிடும் சார்” என்றார் மாணிக்கம்.

கோவிந்தராசு சக்கரத்தைப் பார்த்தான், பாயைப் பார்த்தான். பிறகு வேட்டியை அவிழ்த்து மடித்து, டயருக்கு முன்னால் போட்டு, அரை டிராயரோடு நின்றான். அடுத்து நான் அவிழ்த்தேன்.

அரியலூரில் இருக்கிற ஏரிக்கரையும் தவிலும் எங்கள் ஊர் மைதானத்துக்குக் கிடையாது; பார்க்க வருகிற கூட்டமும் குறைவுதான். மறுநாள் காலை அங்கே பாயை விரித்து ஆணியடித்தோம். பக்கத்து வேலியில் துவைத்துப் போட்ட ஒன்பது வேட்டிகள் காய்ந்தன. ஒன்றிலும் டயர் தடம் போகவில்லை.