பெக்டரி மேல் நான் போட்ட பழி

யட்டியாந்தோட்டை பஸாரில் பல வருடம் ரேடியோ, அம்ப்ளிபயர் திருத்தியிருக்கிறேன். கைத்தொழில் தெரிந்தவரை எங்கள் பக்கம் பாஸ் என்போம்; ரேடியோ பாஸ் எங்கே என்று கேட்டால் சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் என் கடையைத்தான் காட்டுவார்கள். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. செட்டின் மூடியைக் கழற்றியதுமே, பெக்டரிக்காரன் ஒழுங்காகச் செய்திருக்கிறானா இல்லையா என்று கடையில் நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்லிவிடுவேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக, அந்த வாய் செய்த ஒரு காரியத்தை எழுதி வைக்கிறேன்.

1. சனிக்கிழமை

2003ஆம் ஆண்டு இருக்கும். சம்பளம் போட்ட மறுநாள், கடையில் நல்ல கூட்டம். ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து செல்வராணி என்ற பெண் ஒரு அம்ப்ளிபயரைப் பழைய சேலையில் சுற்றித் தூக்கி வந்து மேசையில் வைத்தாள். கூடவே கணவன் சந்திரன். அவள் நான்கு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். நடுவில் லீவில் வந்தபோது தானே வாங்கி வந்த செட் அது. மகளின் சடங்கன்று முதல் பாட்டுப் போட்டதுமே, வந்த சொந்தக்காரர்கள் முன்னால் புகைந்துவிட்டதாம்.

மூடியைத் திறந்தேன். சூட்டைத் தணிக்கும் அலுமினியத் தகடான ஹீட் சிங் பக்கம் சர்க்கிட் பலகை கருகிக் கிடந்தது. அவுட்புட் ட்ரான்சிஸ்டர் இரண்டும் கள்ளச் சாமான். நகத்தால் சுரண்டினால் எழுத்து உதிர்ந்தது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

"இது பால சாமான் தங்கச்சி. பெக்டரியிலேயே கள்ளச் சாமான் போட்டு அனுப்பியிருக்கான். ஒங்கள நல்லா ஏமாத்திட்டாங்க" என்றேன். மட்டமான சரக்கு என்றால் எங்கள் பக்கம் பால என்ற இந்தச் சிங்களச் சொல்தான் முதலில் வாயில் வரும்.

"நாலு வருஷம் வெளிநாட்டுல இருந்தும் ஒரு சாமான் பாத்து வாங்கத் தெரியல இவளுக்கு" என்றான் சந்திரன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"நாலு கடை ஏறி எறங்கி, தூக்கிப் பாத்துத்தான் வாங்குனேன் பாஸ்" என்றாள். யாரும் காது கொடுக்கவில்லை. "நீங்களே வச்சுக்கங்க. இதத் திரும்பத் தூக்கிட்டுப் போயி லயத்துல என்னா சொல்றது?"

சேலையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

2. திங்கட்கிழமை

உதவும் பாகங்களைக் கழற்றி எடுப்போம் என்று உட்கார்ந்தேன். ட்ரான்ஸ்போமர் நல்ல பாரம்; நல்ல செட்டுக்கு அந்தப் பாரமே அடையாளம். வயர்களை வரிசையாக அடுக்கி நூலால் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு சோல்டரும் மழுமழுவென்று மின்னியது. அவ்வளவு சுத்தமான வேலையை நான் அதிகம் பார்த்ததில்லை. இப்படிச் செய்தவன் கள்ள ட்ரான்சிஸ்டர் போடுவானா என்று அப்போதுதான் யோசித்தேன்.

ட்ரான்சிஸ்டரைக் கழற்றினேன். அடியில், ஹீட் சிங்கில் கரண்ட் பாயாமல் தடுக்க வைத்திருந்த மைக்கா, பழைய அயன் பொக்ஸ் எலிமென்டிலிருந்து உரித்தது. கத்தரியால் கோணலாக வெட்டியது. சூடு இறங்கப் பூசும் வெள்ளைப் பசையும் இல்லை. அவசரத்துக்கு அப்படி மைக்கா வெட்டி வைக்கிறவன் இந்த ஊரில் ஒருவன்தான். அது நான். அந்தக் கள்ள ட்ரான்சிஸ்டர்களும் நான் போட்டவைதான். வெட்கமாக இருந்தது.

அன்றே பலகையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி அவர்கள் தோட்டத்துக்குப் போனேன். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில், தன் வீட்டு வாசலில் நின்ற சந்திரன் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"இந்தப் பலகைய முந்தி எங்கிட்ட கொண்டு வந்தீங்களா?"

"ஆமாங்க பாஸ். இவ லீவு முடிஞ்சு திரும்பிப் போன பொறகு, கோயில் திருவிழாவுக்கு நாலு ஹோர்ன் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டோம். பத்திப் போச்சு. பொட்டிய வீட்டுல வச்சிட்டு, பலகைய மட்டும் பேக்குல போட்டுக் கொண்டாந்தேன். இவகிட்ட சொல்லல."

செட் தாங்காது என்றாலும், வீட்டுச் செட்டுக்குக் கோயில் ஹோர்னைக் கட்டுவது தோட்டத்தில் வழக்கம்தான். திருவிழா நெருக்கடியில் எந்த முகத்தையும் பார்க்காமல் பலகைகளைத் திருத்தித் தள்ளியவன் நான்.

செல்வராணி கதவைப் பிடித்தபடி நின்று எல்லாவற்றையும் கேட்டாள். புருஷனை ஒரு தடவை பார்த்தாள்.

"செட்டு நல்ல செட்டு, தங்கச்சி. பிழை எங்க ரெண்டு பேருலயும்தான். மன்னிச்சுக்கங்க" என்றேன்.

"இங்க வந்து மெதுவாச் சொல்றீங்க. அன்னிக்கு பஸாருக்கே கேக்கச் சொன்னீங்களே பாஸ்?"

3. அடுத்த சம்பள நாள்

கூட்டம் சேரும்வரை செல்வராணி கடை வாசலில் காத்திருந்தாள். சந்திரனையும் பக்கத்தில் நிற்க வைத்திருந்தாள். பஸாருக்கே கேட்கும்படி, செட்டைத் திறந்து வைத்து, பெக்டரி வேலை எது, என் வேலை எது என்று தொட்டுக் காட்டினேன். தமிழில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை. "இவங்க நல்ல செட்டாப் பாத்து, தெரிஞ்சுதான் வாங்கியிருக்காங்க" என்று முடித்தேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களே, மூடியைத் திறந்தால் முதலில், ஏற்கெனவே அந்தச் செட்டைத் திருத்திய கையைத் தேடுங்கள். அது உங்கள் கையாகவும் இருக்கலாம். அதற்குப் பிறகு பெக்டரியைப் பற்றிப் பேசலாம்.

ஒரிஜினல் சாமான் எடுத்துப் போட்டுச் சும்மாவே திருத்தித் தருகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

அவள் அதே சேலையில் செட்டைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். "வேணாங்க பாஸ். கரவனெல்லை டவுன்ல நல்லா வேல செய்ற ஆள் யாருன்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன்.