மோர்க்கார அம்மாவுக்குத் தெரிந்த பாறை

இன்று காலை நெய்வேலி குவார்ட்டர்ஸ் வாசலில் முருங்கை நடக் குழி தோண்டிக்கொண்டிருந்தேன்.

மோர் விற்க வந்த முத்தாண்டிக்குப்பத்து அம்மா பானையை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

“அங்க பாறைங்க. நாலடி தள்ளித் தோண்டுங்க.”

“எப்படிம்மா தெரியும்?”

“சுரங்கத்துக்குன்னு எடுக்கறதுக்கு முன்னால இது மல்லாட்டைக் கொல்லைங்க. இருவது வருசம் களை வெட்டிகினு கெடந்தேன்.”

“வேர்க்கடலைக் கொல்லையா? உங்க நெலமா?”

“கூலிக்குங்க. பட்டாக்காரருக்கு மாத்து நெலம் குடுத்தாங்க. நான் மோர் விக்கிறேன்.”

அவர் காட்டிய இடத்தில் மண் பொலபொலவென்று வந்தது.

நிலம் எடுக்கும் ஆபீஸில் படிவம் நிரப்புகிற குமாஸ்தா நான். அதில் சட்டப்படி உரிமையாளருக்கு ஒரு கட்டம், கிணற்றுக்கு ஒன்று, மரத்துக்குக்கூட ஒன்று.

இந்த அம்மாவை எதில் எழுதுவது? சட்டம் படித்த நண்பர்கள் சொல்லுங்கள்.

படிவத்தில் இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைத்தான் நான் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.