குச்சிக்காரரின் மூக்கு

“மூணு எண்ணுவேன், பயப்படாதீங்க” என்பார். “ஒண்ணு” என்று வாய் சொல்லும்போதே குச்சி மூக்குக்குள் போய்த் திரும்பியிருக்கும். கண்ணில் நீர் முட்ட, “மீதி ரெண்டு எங்கய்யா?” என்று நோயாளி கேட்டால், “அது தள்ளுபடி” என்பார். ஆஸ்பத்திரியில் இவருக்குக் குச்சிக்காரர் என்று பேர். ஆளோ வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு.

காய்ச்சலும் இருமலுமாக வந்து படுத்தவர்களின் மூக்கிலிருந்து சளி எடுத்து, குழாயில் போட்டு, எண் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கீழ்த்தளத்து லேபுக்குக் கொண்டுபோவது அவர் வேலை. இந்த வாரம் ஊரில் எந்த வைரஸ் சுற்றுகிறது என்பது அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் தெரியும். அதனால் எங்கே இருமல் கேட்டாலும் மனிதருக்குக் காது நிமிர்ந்துவிடும். சாப்பிடும்போது புரையேறியவரைக்கூட விடமாட்டார். வாட்ச்மேனுக்கு இருமல் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிப்போய் இருமிவிட்டு வருவார். “வெறும் தூசிப்பா” என்று பெரிய டாக்டரே ஒருநாள் கெஞ்சிப் பார்த்தார்.

“எல்லாரும் தூசின்னுதான் சார் சொல்றாங்க. தலையை நிமிர்த்துங்க.”

இவருக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து, போன செவ்வாய்க்கிழமை பெண் குழந்தை பிறந்தது. அதே ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி. சேதி கேட்டதும் கையிலிருந்த குழாயை மூடிவைத்துவிட்டுப் படியேறி ஓடினார். பிரசவ வார்டு வாசலில் கை கழுவும்போது ஓர் இருமல் வந்தது. அப்புறம் இன்னொன்று. சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருத்தரும் இல்லை. “தூசி” என்றார் தனக்குத்தானே. உடம்போ கணகணவென்று இருந்தது.

ஊருக்குத்தான் உபதேசம் என்று இருந்திருக்கலாம். கதவைத் தள்ளினால் குழந்தை. பாவி மனுஷன், தள்ளவில்லை. அழாக்குறையாக இறங்கிப்போய் லேப் அக்கா முன்னால் உட்கார்ந்து தலையை நிமிர்த்தினார்.

“மூணு வரைக்கும் எண்ணுக்கா.”

“ஆசையைப் பாரு” என்று அக்கா எண்ணாமலே விட்டாள். அவர் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சேதி கேட்டு வாட்ச்மேன் முகமெல்லாம் பல்லாக ஓடிவந்தார்.

சாயங்காலம் முடிவு வந்தது. ஃப்ளூ. “அஞ்சு நாளைக்குக் குழந்தைகிட்ட போகவே கூடாது” என்றாள் அக்கா.

“எட்டு வருஷம் பொறுத்தே, அஞ்சு நாள் என்ன பெருசுன்னு மட்டும் சொல்லிடாதேக்கா. அழுதுடுவேன்.”

அக்கா ஒரு முகக்கவசத்தை நீட்டினாள். வராந்தாவிலிருந்து கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

மனைவி குழந்தையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தூக்கிக் காட்டினாள். கசங்கின முகம், மூடின கண், இத்தனூண்டு வாய். அவர் மூச்சுவிட மறந்து நின்றார். அடடா, என்ன அழகு!

குழந்தை தும்மியது.

அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய், ஒரு குச்சிப் பொட்டலத்தோடு வெளியே வந்தது. மனைவி பார்த்துவிட்டாள். உள்ளே என்ன திட்டினாளோ, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை. சடக்கென்று திரையை இழுத்து மூடினாள்.

அவர் பொட்டலத்தைக் கீழே போட்டார். ஜன்னலின் ஓரத்துக்கு நகர்ந்து, அந்தப் பெரிய உடம்பை இரண்டாக மடக்கிக் குனிந்து, திரை எட்டாத இரண்டு விரற்கடை இடைவெளியில் ஒற்றைக் கண்ணை வைத்தார்.