சேர்வரின் மெமரி நிரம்பிய நாளில் ஒரு செத்தவீடு

இணைய இணைப்புக் குடுக்கிற தொழிலில், லைன் ஓடேக்க எங்களை ஒருத்தருக்கும் தெரியாது. நிண்டால் மட்டும் ஊருக்கே எங்கட நம்பர் மனப்பாடம். போன் அடிச்சாலே சேர்வரடிக்கு ஓடுகிற என்னைப் போன்ற சீவன்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எல்லை இல்லாத கேச்

மன்னார் டவுனில் எங்கட ஆபீஸ், ஒரு சின்னக் கந்தோர். நீங்கள் போனில் எதைத் திறந்தாலும், அதின்ர பேரைக் கேட்டு விலாசத்தைத் தேடிக் குடுக்கிறது டி.என்.எஸ். சேர்வர். தேடின பதிலை மறக்காமல் மெமரியில் வைச்சிருக்கும், அதுதான் கேச். எங்கட பழைய மெஷினில் அதுக்கு எல்லையே இல்லை. பெருத்துப் பெருத்து, மெமரி முழுவதையும் விழுங்கி, மூச்சடைச்சு நிண்டிடும். எல்லை போடுவம் எண்டு முதலாளியிட்டக் கெஞ்சினன். மனுசன் தலை நிமிர்த்தேல்லை.

"கூட வைச்சிருந்தால்தானே, பிள்ளை, பதில் கெதியா வரும்? இருக்கிறதை ஏன் குறைக்கிறாய்?"

கிள்ளுப் போல ஒரு எல்லை

சேர்வர் அடிக்கடி நிண்டு ஆக்கள் ஏசினதில, பிறகு ஒருநாள் அவரே எல்லை போட்டார், கிள்ளுப் போல மிகச் சின்னதா. சேர்வர் வைச்ச பதில்களை எறிஞ்செறிஞ்சு, திரும்பத் திரும்ப வெளியில் கேக்கத் தொடங்கிச்சு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பஜாரில் கடை வைச்சிருக்கிற முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா எண்டு கூப்பிடுறவர், நேரே வந்து நிண்டார்.

"முந்தி லைன் நிண்டு போகும், இப்ப நொண்டிக்கொண்டு வருது. அல்லாஹ்வுக்காக ரெண்டில ஒண்டைச் செய்யுங்கோ தங்கச்சி."

முதலாளி அந்த எல்லையையும் எடுத்துப்போட்டார்.

ஓலைத்தொடுவாய்

மன்னாரில் இருக்கிற அந்தக் கடற்கரைக் கிராமத்தில் ஒரு கடற்றொழிலாளி மோசம் போய், செத்தவீடு நடந்தது. வெளிநாட்டில் இருந்த மகளுக்கு வர ஏலேல்லை. வீடியோ கோலில் அப்பாவின்ர முகம் காட்டுறதாக ஏற்பாடு. அந்த நேரம் பார்த்து மெமரி நிரம்பி, சேர்வர் நிண்டிட்டுது. மகன் ஜெராட் போன் எடுத்தார். சத்தம் போடேல்லை. "அக்கா, பங்குச் சுவாமி வந்திட்டார். பெட்டி மூடப் போறம். தங்கச்சி இன்னும் அப்பாவைப் பாக்கேல்லை."

முதலாளியைக் கேக்காமல், மெமரியில் பாதிக்கு எல்லை போட்டு, சேர்வரைத் திரும்ப எழுப்பினன். கேச் வெறுமை, ஒவ்வொரு பேரையும் புதுசாத் தேடவேணும். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ எண்டன். அதுமட்டும் மூடாமல் சுவாமி பெட்டியடியில் செபமாலை தொடங்கி வைச்சாராம். கோல் கிடைச்சிட்டுது எண்டு ஜெராட் சொல்ல, கதிரையிலயே இருந்து அழுதன்.

அடக்கம் முடிஞ்சு அடுத்த நாள் ஜெராட் கந்தோருக்கு வந்தார்.

"பெட்டி மூட முந்தி அவள் அப்பாவோட கதைச்சவள், அக்கா. என்ன கதைச்சவள் எண்டு தெரியாது. போனை அவற்ற காதடியில வைச்சிட்டு நாங்கள் எல்லாரும் தள்ளி நிண்டனாங்கள்."

நான் போட்ட எல்லை இண்டைக்கும் அப்பிடியே இருக்கு, முதலாளிதான் அதைத் தன்ர யோசனை எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறார்.