இரண்டு இஞ்ச் தாழ்த்தினால் என்ன குறைந்துவிடும்?

பனி என்றால் என் மாமாவுக்கு மார்கழி மாதம் தெரியும். ஐஸ் என்றால் மீன் பெட்டி தெரியும். அவருக்கும் குளிருக்கும் அவ்வளவுதான் பழக்கம். அப்படிப்பட்டவர் போன ஞாயிற்றுக்கிழமை குழித்துறையில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, கனடா பனியில் கார் ஓட்டுவது எப்படி என்று வகுப்பு எடுத்தார். யாருக்கு? அங்கேயே பல வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கும் என் தங்கை ஷீபாவுக்கு!

ஷீபா அங்கே நர்ஸ். ஆள் குள்ளம். வண்டியோ நல்ல உயரம். அவள் கணவர் ஜெபின் தேடிப்பிடித்து, அவள் சம்பளத்தில் வாங்கியது. ஆல் வீல் டிரைவ்... நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்குமாம். இழுக்கட்டும். ஆனால் இவள் சீட்டில் உட்கார்ந்தால் இறங்குவதற்குக் குதிக்க வேண்டும். போன குளிர்காலத்தில் அப்படிக் குதித்த இடத்தில் தரை முழுக்க ஐஸ். வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. பிளேட் வைத்திருக்கிறார்கள். ஊசி போடுகிற கை அது. இன்னொரு தடவை முறிந்தால் இந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என்ன செய்தாள்? நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போய், ஸ்பிரிங்கை மாற்றி, சஸ்பென்ஷனை இரண்டு இஞ்ச் இறக்கிவிட்டாள். இப்போது குதிக்க வேண்டாம். காலை ஊன்றி இறங்கலாம். தன் வண்டி, தன் கால், தன் கை.

ஆனால் ஜெபின் விடவில்லை. பழையபடி உயர்த்தியே ஆக வேண்டுமாம். லீவுக்கு ஊருக்கு வந்தவளிடம் எடுத்துச் சொல்லும்படி மாமாவுக்கு போன் போட்டுவிட்டார். எங்கள் பக்கத்து வழக்கம்தானே இது — புருஷன் பெண்டாட்டி வழக்கு எந்த நாட்டில் நடந்தாலும், தீர்ப்பு சொல்ல ஊரில் ஒரு மாமா இருப்பார்.

"நாலு வீலும் கறங்குத வண்டிய எவனாவது தாழ்த்துவானா மக்கா? பனியில அடி தட்டாதா?"

"தட்டுத அளவுக்குப் பனி கெடந்தா நான் வண்டிய எடுக்க மாட்டேன் மாமா. ரோட்ட சுத்தம் பண்ணுன பெறவுதான் எறங்குவேன். பனிக்குன்னு டயரும் தனியா போட்டிருக்கேன். நாலு வீலும் இழுக்க மட்டுந்தான் செய்யும். பிரேக் பிடிச்சா வண்டிய நிறுத்துதது டயராக்கும்."

மாமா அடுத்த காரணத்துக்குத் தாவினார்.

"இருந்தாலும் அந்த மாதிரி வண்டிக்கு உயரந்தான் ஒரு எடுப்பு. ஜெபின் நாலு பேரு முன்னால எப்பிடி ஓட்டுவான்?"

ஓ... அதுவா விஷயம்? பனி, அடி தட்டுவது எல்லாம் சும்மா. விழுந்தது யார், வெட்கப்படுவது யார் பாருங்கள்! எனக்கு ஆத்திரமாக வந்தது. ஷீபா மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். 'சரி, உயர்த்திவிடுகிறேன்' என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

பேச்சை மாற்ற, எல்லோரும் திற்பரப்பு அருவிக்குக் குளிக்கப் போனோம். மாமாவின் ஜீப்பில். அதுவும் உயரம்தான். மாமிக்கு முட்டு வலி, ஏற முடியாது. அதனால் வண்டியில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கும். கல்யாண வீடோ, ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் மாமா முதலில் இறங்கி ஸ்டூலைப் போடுவார், பிறகு மாமி இறங்குவார். எங்கள் ஜில்லாவில் இப்படி எத்தனை ஸ்டூல்கள் ஜீப்பில் சவாரி செய்கின்றனவோ!

அன்றைக்கு மாமா அந்த ஸ்டூலை அருவிக்கரைக்கு எடுத்துப்போய் ஜம்மென்று உட்கார்ந்தார். குளித்த ஜோரில் அங்கேயே மறந்துவிட்டு வந்தார். திரும்ப ஓடிப்போய்ப் பார்த்தால் காணோம். யாரோ புண்ணியவான் கொண்டுபோய்விட்டான்.

ஈரத்தலையோடு மாமி ஜீப் பக்கத்தில் நிற்கிறார். சுற்றிலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.

"நான் தூக்கி விடுதேன், கேறு" என்றார் மாமா.

மாமி சீட்டைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார்.

"இத்தன பேரு முன்னால என்னைய அரிசி மூட்டை மாதிரி தூக்கவா? நீங்க போங்க. நான் பஸ்ல வாறேன்."

"பஸ்ஸு மட்டும் உயரம் இல்லியா?"

"பஸ்ஸுக்குப் படி உண்டு. ஒங்க வண்டிக்கு எடுப்பு மட்டுந்தான் உண்டு."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். முட்டு வலி எங்கே போனதோ! நானும் ஷீபாவும் பின்னாலேயே ஓடினோம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து, படி படியாக, யார் தயவும் இல்லாமல் மாமி ஏறினார்.

உட்கார்ந்ததும் ஷீபாவின் வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தையல் போட்ட இடத்தைப் பார்த்தார்.

"ஏட்டி, அந்த வண்டிய திரும்ப உயர்த்தினேன்னு கேட்டேன்னா, எனக்க மொகத்துல முழிக்காத."

சரியாக அந்த நேரம் ஜெபினிடமிருந்து போன். மாமா பேசினாரா என்று கேட்கத்தான். ஷீபா நிதானமாகச் சொன்னாள்: "பேசினாரு. வண்டி இப்ப இருக்கது மாதிரியே இருக்கும். ஒங்களுக்கு வெக்கமா இருந்தா நீங்க பஸ்ல போங்க."

எங்கள் பஸ்ஸுக்குப் பின்னாலேயே மாமாவின் ஜீப் வந்துகொண்டிருந்தது. குழித்துறை வரைக்கும் மனிதர் ஓவர்டேக் செய்யவே இல்லை.