சகலையின் புதுக் கம்ப்யூட்டர்

அவர் கம்ப்யூட்டர் மெக்கானிக் கடை வைத்து இருபது வருடம். இத்தனை காலத்தில் தனக்கென்று ஒரு புதுப் பெட்டியைப் பிரித்ததில்லை. ஊரார் கழித்துப் போட்ட பாகங்களைக் கோத்து ஒன்று வைத்திருந்தார். அது ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. கொழுந்தியாள் புருஷனோ, விற்பனைக்கு வந்த முதல் வாரமே புத்தம்புது ரகத்தை வாங்கி, வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினான். இவருக்கு வயிறு எரிந்தது.

பத்தாம் நாள் அதைக் கடைக்கே தூக்கி வந்தான். "அரை மணிக்கு ஒருதரம் தானா அணைஞ்சிடுது, அண்ணே."

உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது, முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டார். புது ரகத்துக்கே உள்ள கோளாறு. மெமரி ஓடும் வேகத்தை மதர்போர்டு தாங்கவில்லை. வேகத்தை ஒரு படி குறைத்தார். நாள் முழுக்க அணையாமல் ஓடியது. அதோடு விட்டிருக்கலாம். பக்கத்து மேஜையில் இருந்த தன் பழைய கம்ப்யூட்டரைப் பார்த்தார். இன்னும் ஒரு படி குறைத்தார், பிறகு இன்னொன்று. இரண்டும் ஒரே வேகத்துக்கு வந்த பிறகுதான் கை ஓய்ந்தது.

மறுவாரம் சகலை சிரித்துக்கொண்டே வந்தான். "அணையவே இல்லண்ணே, எல்லாம் உங்க கைராசி. கொஞ்சம் மந்தமா இருக்கு, அவ்வளவுதான். அதான், இதவிட வேகமானது ஒண்ணு வருதாம், இன்னிக்கே சொல்லி வச்சிட்டேன்."