வெயில் வந்தால் கத்த வேண்டும்

என் ஓர்ப்படி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மலையூரில் துணி துவைத்தவள். ஒரு நாள்கூட மலை உச்சிக்குப் போனதில்லை. அரை டவுசரும் கைத்தடியுமாக ஏறுகிறவர்கள் அவளை நிறுத்தி, "மேல இருந்து பார்த்தா எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்பார்கள். "நீங்க போய்ப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க" என்பாள். ஒருத்தரும் வந்து சொன்னதில்லை. அவள் உச்சியை அண்ணாந்து பார்ப்பதெல்லாம் மேகம் விலகுகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான்.

"உங்களுக்கென்ன, குளுகுளுன்னு சொர்க்கத்துல இருக்கீங்க" என்று வெளியூர்க்காரர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொர்க்கத்தில் தலையணையில் பூஞ்சை பிடிக்குமா? உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்குமா? போன வாரம் துவைத்ததை அடுப்புக்கு மேலே காயப்போட்டு, புகை வாசனையோடு உடுத்திக்கொண்டு வேலைக்குப் போகிற ஊர் இது. நான் ஒரு லாட்ஜில் அறை சுத்தம் செய்கிறவள். அந்த லாட்ஜுக்கும் இன்னும் சில லாட்ஜுகளுக்கும் விரிப்பு துவைத்துக் கொடுத்தது என் ஓர்ப்படி.

வெயில் எங்கள் ஊருக்குச் சொல்லாமல் வந்து சொல்லாமல் போகும். நன்றாக விழுவதும் ஒரே இடத்தில்தான். பள்ளத்தாக்கைப் பார்த்த வளைவில், வண்டிகள் உருண்டுவிடாமல் இருக்கப் போட்ட இரும்புக் கம்பித் தடுப்பில். அதனால் ஊரில் ஒரு வழக்கம். வெயிலை முதலில் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் "வெயில் வந்தாச்சு" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். கேட்டவர்கள் போட்டது போட்டபடி ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வாத்தியார் பாதிக் கணக்கைப் பலகையில் விட்டுவிட்டு ஓடுவார். கம்பியின் நடுப்பகுதி மட்டும் என் ஓர்ப்படிக்கு. யாரும் எழுதிக் கொடுத்ததில்லை, அவள் முறைத்தே வாங்கியது.

அப்படியிருக்க, நகராட்சித் தலைவருக்கு ஓர் ஆசை வந்தது. மலையூர்களில் வாழத் தகுந்த ஊர் எது என்று ஒரு போட்டி. காற்று, காட்சி, மலையேறும் பாதை, ஜனங்களின் மகிழ்ச்சி எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட நடுவர்கள் வருவார்கள். தலைவர் முதல் வேலையாக வளைவுக்கு வந்தார். கம்பிக்கு வெள்ளை அடித்து, பெஞ்சு போட்டு, 'காட்சி முனை' என்று பலகை நட்டார். பிறகு ஆள் அனுப்பி என் ஓர்ப்படியை அங்கே வரவழைத்தார்.

"இனிமே இங்க துணி போடக் கூடாதும்மா. காட்சி கெடுது."

"அப்ப விரிப்பெல்லாம் எங்க காயும்?"

"அதை நீதான் பார்த்துக்கணும். ஊருக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடு."

"ஊருன்னா யாருங்க, இந்தப் பெஞ்சா?"

தலைவர் காது கேட்காதவர்போலப் பலகையைத் துடைத்தார்.

வாய் அப்படிப் பேசினாலும் அவளுக்கு உள்ளுக்குள் உதறல்தான். விரிப்பு காயாவிட்டால் லாட்ஜ் வேலை போய்விடும். வேலை போனால் கீழே சமவெளியில் இருக்கும் மகனிடம் போய்ச் சேர வேண்டும். தங்கமான பிள்ளை, அவன் அப்பா போய்ச் சேர்ந்ததிலிருந்து வா வா என்று கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தான். "அந்த வேகற ஊர்ல நான் வத்தலாயிடுவேன்டி. செத்தாலும் இங்கதான்" என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தாள்.

நடுவர்கள் வந்தார்கள், கூடவே மூடுபனியும் வந்தது. விரிப்புகளைப் பாய்லர் அறையில் தொங்கவிட்டுப் பார்த்தோம். காயவில்லை, வாடைதான் வந்தது. அதைத்தான் அவர்கள் கட்டிலில் விரித்தேன், வேறென்ன செய்ய? காலையில் எல்லோரும் தும்மிக்கொண்டே இறங்கி வந்தார்கள். "கிளைமேட் பிரமாதம்" என்றார் ஒருவர், மூக்கை உறிஞ்சியபடி.

தலைவர் அவர்களைக் காட்சி முனைக்கு அழைத்துப் போனார். நானும் ஓர்ப்படியும் எதிரே லாட்ஜ் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் வெறும் வெள்ளை. "இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் காடு" என்று தலைவர் பனிக்குள் விரலை நீட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று மேகம் விலகி, கம்பி பளிச்சென்று ஆனது.

"வெயில் வந்தாச்சு!"

கத்தியவர் தலைவர். பிறந்ததிலிருந்து ஊறிய பழக்கம், வாயை மீறி வந்துவிட்டது. உடனே தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். என்ன பிரயோஜனம்? ஊரே ஈரத்துணியோடு திரண்டு வந்துவிட்டது. முதலில் வந்தது அவருடைய சம்சாரம், கையில் அவருடைய உள்டிராயர்கள். என் ஓர்ப்படி மூட்டையோடு பாய்ந்து, நடுவர்களைப் பெஞ்சோரம் ஒதுக்கிவிட்டு, நடுக்கம்பியைப் பிடித்தாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

தலைவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் நடுவர்களுக்கு ஒரே குஷி. ஒருவர் தன் ஈர சாக்ஸைக் கழற்றி அவரும் கம்பியில் போட்டார். இப்படி ஒற்றுமையான ஜனங்களைப் பார்த்ததே இல்லை என்று சொல்லி, பரிசை எங்கள் ஊருக்கே கொடுத்துவிட்டார்கள். தடையும் போனது. அன்றைக்கு என் ஓர்ப்படி, காய்ந்த விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, "இனி எவன் என்னைக் கிளப்புறான், பார்க்கிறேன்டி" என்றாள்.

கிளப்பிவிட்டார்கள். பரிசைக் கேள்விப்பட்டுக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் கம்பியில் எதையாவது காயப்போட வேண்டும், "வெயில் வந்தாச்சு" என்று கத்திப் பார்க்க வேண்டும். வெயிலே இல்லாதபோதும் கத்தினார்கள். அவள் பனியில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடித் திரும்பினாள். நிஜமாகவே வெயில் வந்தபோது கம்பி முழுக்க வெளியூர் சாக்ஸ். நடுக்கம்பியில் நின்ற ஒரு பெண், "ஆன்ட்டி, லைன்ல வாங்க" என்றாள். என் ஓர்ப்படி முறைத்தாள். அந்தப் பெண் அதையும் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

லாட்ஜ்கள் ஒவ்வொன்றாக அவளை நிறுத்தின. மகன் வந்து கூட்டிக்கொண்டு போனான். பஸ் ஏறும்போதும் அவள் உச்சியை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள். பழக்கம். நான் நடுரோட்டில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன்.

இப்போது எங்கள் லாட்ஜ் விரிப்புகள் வேன் ஏறிச் சமவெளிக்குப் போகின்றன. அங்கே ஒரு மொட்டைமாடியில் ஒருத்தி துவைத்துக் காயவைத்து அனுப்புகிறாள். யாரென்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, மடிப்பைப் பார்த்தே கண்டுபிடித்தேன். "எப்படிக்கா இருக்கீங்க?" என்று போனில் கேட்டேன்.

"வெயிலுக்கென்ன, கொட்டிக் கிடக்குதுடி. வந்தாச்சுன்னு கத்தினா ஓடிவரத்தான் ஆளில்ல."

நேற்று ஓர் அறையில் விரித்துக்கொண்டிருந்தேன். அங்கே தங்கியிருந்தவர் விரிப்பின் நுனியை எடுத்து முகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆஹா, மலைக்காத்து வாசனை. இதுக்காகவே இங்க வந்து குடியிருக்கலாம் போல இருக்கே."

"வாங்க சார்" என்றேன். "ஒரு வீடு காலியாத்தான் இருக்கு."